மக்கும் பை வாங்குவோர் கவனத்திற்கு

திருவாலங்காட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், 2022-ஆம் ஆண்டுக் கடைசியில் ஒருநாள் காலை, நான் கடை திறந்து சாம்பிராணி காட்டி முடிப்பதற்குள் வந்து நின்றார். வழக்கமாக வந்ததும் சரக்குச் சீட்டை நீட்டுவார். அன்று நீட்டியது அபராத ரசீது. கூடவே நான்காக மடித்த ஒரு பை.

"அண்ணாச்சி, இது உங்க கடையில எடுத்த பைதான். மக்குற பைன்னு சொல்லிக் குடுத்தீங்க. செக்கிங் வந்தவங்க நம்பரைப் பார்த்துட்டு இது செல்லாதுன்னுட்டாங்க" என்றார்.

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். இருபத்தைந்து வருடப் பற்று வரவில் ஒரு முறை கூடக் கணக்கு பிசகாதவர். அபராதத் தொகையை அவர் கணக்கில் வரவு வைத்தேன். மீதமிருந்த பைகளையும் திருப்பி எடுத்துக்கொண்டேன். அதே பையை வேறு பதினோரு கடைகளுக்கும் கொடுத்திருந்தேன். அன்று மாலைக்குள் பதினோரு கடைக்கும் ஆள் அனுப்பித் திரும்பப் பெற்றேன். அந்த நஷ்டம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. நம் சங்கத்தில் எத்தனை பேர் என்னைப் போல் ஏமாந்தார்கள் என்று தெரியாது. வெளியே சொல்ல வெட்கப்பட்டுப் பேசாமல் இருப்பவர்களும் இருப்பார்கள்.

நடந்தது இதுதான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கேரி பேக் தடை செய்யப்பட்டது நாம் அறிந்ததே. மத்திய அரசின் தடை 2022 ஜூலை 1-இல் வந்தது. அதில் ஸ்ட்ரா, கரண்டி, தட்டு, தெர்மோகோல் அலங்காரப் பொருள்கள் எல்லாம் அடக்கம். கேரி பேக்குக்கு மத்திய விதி கனத்தைத்தான் பார்க்கிறது. 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைவாக இருக்கக் கூடாது என்பது அந்த விதி. இங்கேதான் நம்மவர் பலர் தடுமாறுகிறார்கள். "கனமான பைதானே, 120 மைக்ரான் இருக்கிறதே" என்று வாதாடிப் பயனில்லை. தமிழ்நாட்டு ஆணை கனத்தைப் பார்ப்பதே இல்லை. எந்தக் கனமானாலும் தடைதான். 2018 ஜூன் மாதம் வந்த அந்த அரசாணையிலேயே விலக்கு பெற்றது மக்கும் தன்மையுள்ள பை. அதுவும் ஐ.எஸ். 17088 என்ற தரத்துக்கு உட்பட்டு, அதற்குரிய முத்திரையோடு இருந்தால் மட்டும்.

இந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் என் கடைக்கு வந்தார். பையில் பச்சை இலைப் படம், 'சோளத்தில் செய்தது' என்ற வாசகம், கீழே ஒரு நம்பர். கையில் சான்றிதழின் ஜெராக்ஸ். ஒரு கிண்ணத்தில் வெந்நீர் கேட்டு வாங்கி, ஒரு துண்டுப் பையைப் போட்டுக் கரைத்தும் காட்டினார். கடைப் பையன்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கரைத்துக் காட்டிய துண்டும் விற்ற சரக்கும் ஒன்றல்ல என்பது பிறகுதான் புரிந்தது. பையில் அச்சிட்டிருந்த நம்பர் வேறு ஏதோ கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டது. அவருடைய போன் பிறகு எடுக்கப்படவே இல்லை.

நஷ்டம் வந்த பிறகுதான் நமக்குப் படிக்கத் தோன்றுகிறது. செடியிலிருந்து பை எப்படி வரும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன் நான். எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன்.

ஜவ்வரிசி வடாம் போடும் வீட்டில் பாருங்கள். கூழைக் காய்ச்சித் துணியில் மெல்லியதாக ஊற்றிக் காய வைத்தால், மறுநாள் கண்ணாடி போல ஒரு தகடு உரிந்து வருகிறது. செடிப் பொருளில் செய்த பாலிமர் படலம் என்று பெரிய வார்த்தையில் சொல்வதெல்லாம் அடிப்படையில் அதுதான். மரவள்ளிக் கிழங்கு மாவில் உள்ள நீண்ட சங்கிலிகள் கூழில் பிரிந்து, காயும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அதில் கொஞ்சம் கிளிசரின் சேர்த்தால் உடையாமல் வளையும். ஆனால் தண்ணீர் பட்டால் வடாம் ஊறிவிடும் அல்லவா? மாவை மட்டும் நம்பிப் பை செய்தால் அதற்கும் அதே கதிதான். சேலத்தில் 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வழியாக நாம் ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் பல ஆண்டுகளாக வாங்கி விற்கிறோம். அதே ஸ்டார்ச்தான் பைக்குள்ளும் போகிறது. ஆனால் அது மட்டும் போதாது.

இன்னொரு வழி பஞ்சும் மரமும். செல்லுலோஸ் என்கிறார்கள். இந்த வழியில் வந்த சரக்கை நம் வயதுக்காரர்கள் எல்லோரும் கையாண்டிருக்கிறோம். கண்ணாடித் தாள்! மிட்டாய் சுற்றி வந்தது, ஊதுபத்திப் பெட்டியின் மேல் வந்தது, பரிசுக் கூடைகளில் சரசரவென்று இருந்தது. முறுக்கினால் முறுக்கியபடியே நிற்கும். அதனால்தான் மிட்டாய்க்காரர்கள் அதை விடாமல் வைத்திருந்தார்கள். என் தகப்பனார் கண்ணாடித் தாளைத் தூக்கி எறிய விடமாட்டார். நீவி மடித்துக் கல்லாவுக்கு அடியில் வைப்பார். அது மரக்கூழில் செய்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் அறுபது வயதுவரை தெரியாது.

அதைக் கண்டுபிடித்தவர் சுவிட்சர்லாந்துக்காரரான பிராண்டன்பெர்கர். உணவு விடுதியில் மேஜை விரிப்பில் ஒயின் கொட்டியதைப் பார்த்து, கறை பிடிக்காத துணி செய்ய முயன்றாராம். துணி மேல் பூசியது ஒட்டாமல் தனித் தாளாக உரிந்து வந்தது. அந்தத் தாளே வியாபாரமாயிற்று. ஆனால் ஒரு குறை இருந்தது. தண்ணீர் கசியாவிட்டாலும் காற்றின் ஈரம் உள்ளே புகுந்துவிடும். ரொட்டி காய்ந்துவிடும், மிட்டாய் பிசுபிசுத்துவிடும். 1927-இல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியைச் சேர்ந்த சார்ச் என்பவர் மெல்லிய வார்னிஷ் பூச்சு கொடுத்து ஈரம் புகாமல் செய்தார். கண்ணாடித் தாள் உலகெங்கும் கடைகளுக்குள் நுழைந்தது அதன் பிறகுதான்.

இதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937-இல் தொடங்கினாரே எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், அவர்தான் கேரளத்தில் பெரும்பாவூரில் பெரியாற்றங்கரையில் திருவிதாங்கூர் ரேயான்ஸ் ஆலையையும் நிறுவினார். 1950-இல் உற்பத்தி தொடங்கியது. செயற்கைப் பட்டு நூலோடு கண்ணாடித் தாளும் அங்கே செய்தார்கள். செட்டியார் 1954-இல் சிங்கப்பூர் விமான விபத்தில் காலமானார். ஆலை 2001-இல் மூடப்பட்டது. ஒரு வணிகர் வங்கி வைத்தார் என்று நாம் பெருமையாகப் பேசுகிறோம். கண்ணாடித் தாளுக்கும் ஆலை வைத்தார் என்பதை யாரும் சொல்வதில்லை.

கண்ணாடித் தாளை ஒதுக்கியது பிளாஸ்டிக் தாள். விலை குறைவு, எடை குறைவு, ஈரம் புகாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மரத்தில் செய்தது என்பதால் கண்ணாடித் தாள் சுத்தமான தொழில் என்று எண்ண வேண்டாம். மரக்கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊற வைத்து, கார்பன் டைசல்பைடு சேர்த்துக் குழம்பாக்கி, கந்தக அமிலத் தொட்டியில் விட்டுத் தாளாக இறுக்குவார்கள். அந்தப் புகை தொழிலாளிகளின் நரம்பைக் கெடுக்கும். பொருள் மண்ணில் மக்கும், செய்யும் இடம் நாறும். செடிச் சரக்கு என்றாலே புண்ணியச் சரக்கு என்று விற்க வருபவர்களிடம் இதைக் கேட்கலாம்.

இந்தத் தாள் கடையோடு நின்றுவிடவில்லை. 1943-இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, ஹாலந்தில் கோல்ஃப் என்ற டாக்டர், இறைச்சி அடைக்கப் பயன்பட்ட செலோபேன் குழாயை உருளையில் சுற்றி, அதற்குள் நோயாளியின் ரத்தத்தை ஓட விட்டார். ரத்தத்தில் உள்ள கழிவு மட்டும் தாள் வழியே வெளித் தண்ணீருக்குக் கசிந்தது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இன்று டயாலிசிஸ் செய்கிறார்களே, அதன் தொடக்கம் அதுதான். முதலில் வந்த நோயாளிகள் பிழைக்கவில்லை. 1945-இல் 67 வயதுப் பெண்மணி ஒருவர் பிழைத்தார். பொட்டலம் கட்டும் தாள் உயிரைப் பிடித்து நிறுத்தியது என்றால் நம்ப முடிகிறதா?

அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் லோப் என்பவரும் நம் இந்தியரான சௌரிராஜனும் (பெயரைக் கேட்டாலே திருக்கண்ணபுரத்துப் பெருமாள் நினைவுக்கு வருகிறார்) செல்லுலோஸ் அசிடேட் படலம் ஒன்றைச் செய்தார்கள். அதுவும் செடியின் செல்லுலோஸிலிருந்து வருவதே. உப்பு நீரை அழுத்தித் தள்ளினால் உப்பை இந்தப் பக்கம் நிறுத்தி நல்ல தண்ணீரை அந்தப் பக்கம் விடும். 1965-இல் கோலிங்கா என்ற ஊர் அந்த முறையில் குடிநீர் பெற்றது. நம் வீடுகளில் உள்ள ஆர்.ஓ. இயந்திரத்துக்கு அதுதான் மூதாதை. நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே காட்டுப்பள்ளியில் 2010 ஜூலையில் தொடங்கிய மீஞ்சூர் கடல்நீர் ஆலை, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நல்ல தண்ணீர் தரும் திறனோடு கட்டப்பட்டது. இப்போதைய ஆர்.ஓ. படலங்கள் பெரும்பாலும் பெட்ரோலிய வழிப் பொருள்தான். ஆனால் வழி காட்டியது செடி.

பைக்கு வருவோம். இன்று 'சோளப் பை' என்று வருவதில் முக்கியமானது பி.எல்.ஏ. என்ற பொருள். மக்காச்சோள மாவைச் சர்க்கரையாக்கி, அதைப் புளிக்க வைத்து, லாக்டிக் அமிலம் எடுக்கிறார்கள். தயிரைப் புளிக்க வைக்கும் அதே அமிலம். அதைக் கோத்துச் சங்கிலியாக்கினால் பி.எல்.ஏ. கரும்புச் சர்க்கரையிலிருந்தும் செய்யலாம். ஆனால் பி.எல்.ஏ. தனியாக விறைப்பாக இருக்கும், மடித்தால் முறியும். பை போல நெகிழ வேண்டுமானால் பி.பி.ஏ.டி. என்ற மற்றொன்றைக் கலக்க வேண்டும். அந்த பி.பி.ஏ.டி. வழக்கமாகப் பெட்ரோலியத்திலிருந்து வருவது! ஆனாலும் மக்கும். இதற்கு நேர்மாறாக, பிரேசிலில் பிராஸ்கெம் கம்பெனி 2010 முதல் கரும்புச் சாராயத்திலிருந்து பாலித்தீன் செய்கிறது. கரும்பில் பிறந்தாலும் அது அசல் பாலித்தீன்தான். நூறு மழை பெய்தாலும் மக்காது. ஆகவே 'செடியில் செய்தது' என்பது வேறு, 'மக்கும்' என்பது வேறு. விற்பவர் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை நம்ப வைப்பார். நான் ஏமாந்ததில் பாதி இந்த இடத்தில்தான்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் பை ஊதும் பட்டறை ஒன்றை வைத்திருக்கும் உறவினரிடம் கேட்டேன். தடை வந்த புதிதில் அவரும் இயந்திரத்தை என்ன செய்வது என்று திகைத்தாராம். பழைய இயந்திரத்திலேயே மக்கும் சரக்கையும் ஊதலாம், சூட்டைக் குறைக்க வேண்டும், குருணை போன்ற அந்த மணிகளை முதலில் நன்றாக உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் பை வலுவிழந்துவிடும் என்றார். கைக்குப் பழகிய தொழில்தான். மூலப்பொருள் விலைதான் பழகவில்லை. பாலித்தீனைப் போல் இரண்டு மூன்று மடங்கு. அந்த விலை வித்தியாசம்தான் போலிக்கு வாசல் திறந்து விடுகிறது. "பாலித்தீன் விலையில் மக்கும் பை தர்றேன்னு எவனாவது சொன்னா, மாமா, உட்காரச் சொல்லாதீங்க" என்றார்.

மக்கும் என்றால் என்ன பொருள்? ஐ.எஸ். 17088 சொல்வது இதுதான்: சுமார் 58 டிகிரி சூட்டில், எருக்குவியல் போன்ற நிலையில், 180 நாளுக்குள் அதன் கரிப்பொருளில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும். 12 வாரத்தில் துண்டு துண்டாகி, இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக் கூடாது. 58 டிகிரி என்பது நம் சித்திரை வெயிலிலும் வராத சூடு. முறையாகக் குவித்துக் கிளறும் உரக் கிடங்கில்தான் வரும். சாக்கடையில் எறிந்தால் வராது.

இங்கிலாந்தில் பிளைமவுத் பல்கலைக்கழகத்தார் பல வகைப் பைகளை மண்ணிலும் கடலிலும் வெளியிலும் போட்டு மூன்று ஆண்டு சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் சோதித்த மக்கும் பை கடலில் மூன்று மாதத்தில் காணாமல் போயிற்று. ஆனால் மண்ணில் 27 மாதம் கழித்தும் இருந்தது. சாமான் போட்டால்தான் தாங்கவில்லை. 'ஆக்ஸோ' என்று ஒரு மருந்தைக் கலந்து 'தானாகவே சிதையும்' என்று விற்கப்படும் பாலித்தீன் பையோ மூன்று வருடம் மண்ணில் கிடந்த பிறகும் சாமான் தூக்கியது! ஐரோப்பிய நாடுகள் ஆக்ஸோ வகையை 2021 ஜூலையில் தடை செய்துவிட்டன. நம் பக்கம் இன்னும் பச்சை இலைப் படத்தோடு யாராவது அதைக் கொண்டு வந்தால் ஆச்சரியமில்லை.

நானும் ஒரு சோதனை செய்து பார்த்தேன். வீட்டுக் கொல்லையில் உள்ள எருக்குழியில் போலிப் பை ஒன்று, பிறகு வாங்கிய அசல் பை ஒன்று, இரண்டையும் புதைத்தேன். பூந்தொட்டியிலும் ஒரு அசல் பை. ஆறு மாதம் கழித்துத் தோண்டியபோது எருக்குழியில் அசல் பை பொடிப் பொடியாக இருந்தது. விரலில் எடுத்தால் உதிர்ந்தது. தொட்டியில் இருந்தது அங்கங்கே ஓட்டையோடு பையாகவே இருந்தது. போலியைக் கழுவிக் காய வைத்தால் திரும்பவும் விற்கலாம் போல் இருந்தது.

அசல் பையிலும் நான் ஒரு நஷ்டம் பட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். முதல் முறை ஏமாந்த வேகத்தில், 2023 பங்குனியில் சான்றுள்ள கம்பெனியிடமே மொத்தமாக எடுத்தேன். மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்பது நமக்கு ரத்தத்தில் ஊறியது. சிமெண்ட் ஷீட் போட்ட கிடங்கில் மேல் அட்டத்தில் அடுக்கினோம். அக்னி நட்சத்திரம் முழுவதும் அங்கேயே கிடந்தது. பிறகு ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம். மார்கழித் திருவாதிரைக்குத் திருவாலங்காட்டில் கூட்டம் கூடும். இரத்தின சபை நடராசரைப் பார்க்க வருபவர்களால் அங்கே உள்ள கடைகளுக்கு இரண்டு மூன்று நாள் நல்ல வியாபாரம். அதற்காகப் பைகளைப் பிரித்துக் கொடுத்தேன். ஒரு கிலோ துவரம் பருப்பு போட்ட பை, அம்மாள் ஒருவர் கடைப் படி இறங்குவதற்குள் அடி கிழிந்து கொட்டிவிட்டது. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்த மண் என்று கால் வைக்கத் தயங்கும் ஊர் அது, தெருவெல்லாம் பருப்பு.

சூடும் ஈரமும் சேர்ந்தால் அந்தச் சங்கிலிகள் கிடங்கிலேயே அறுபடத் தொடங்கிவிடும். மக்குவதற்கென்றே செய்த சரக்கு எங்கே மக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காது. தயாரிப்பவர்களே ஏறக்குறைய ஒரு வருடம்தான் கெடு சொல்கிறார்கள், அதுவும் நிழலில், குளிர்ச்சியில் வைத்தால். பையை நாம் சாக்கு, கயிறு கணக்கில் வைத்துப் பழகிவிட்டோம். இதை ரவை, மைதா கணக்கில் வைக்க வேண்டும்: முதலில் வந்தது முதலில் போக வேண்டும், தேதி எழுதி அடுக்க வேண்டும். உப்பு, வெல்லம், சர்க்கரை, மசாலாப் பொடி இவற்றைக் கட்டி மாதக்கணக்கில் வைக்க இந்தப் பை உதவாது. ஈரம் உள்ளே புகும், வாசனை வெளியே போகும். வாடிக்கையாளர் வீட்டுக்கு எடுத்துப் போகும் வரை தாங்கினால் அதன் வேலை முடிந்தது.

வாங்கும்போது நான் இப்போது பார்ப்பது இவை. ஒவ்வொரு பையிலும் தயாரிப்பாளர் பெயரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று எண்ணும் அச்சாகி இருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு விதி அப்படித்தான் சொல்கிறது. சான்று பெற்றவர்கள் பட்டியலை வாரியமே வெளியிடுகிறது. என் பேரன் போனில் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் காட்டினான். பெயரும் எண்ணும் பொருந்தாவிட்டால் பேச்சே இல்லை. அந்த விதியில் தயாரிப்பாளர் 'அல்லது விற்பவர்' சான்று பெற வேண்டும் என்றும் வாசகம் இருக்கிறது. ஆகவே பில் இல்லாமல் ஒரு பை கூட எடுப்பதில்லை, சான்றின் நகலைப் பில்லோடு சேர்த்து ஊசியில் குத்தி வைக்கிறேன். சோதனை செய்து கொடுக்கும் இடம் நம் கிண்டியிலேயே உள்ள சிப்பெட் நிறுவனம். சோதனையே ஆறு மாதம் ஓடும் சமாச்சாரம் என்பதால், "போன மாதம்தான் புதுசாக ஆரம்பித்தோம், சான்றும் வாங்கிவிட்டோம்" என்பவரிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம்.

கடையிலேயே செய்யக் கூடிய ஒரு சோதனையும் உண்டு. பையில் சிறு துண்டு வெட்டி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, காற்றுக் குமிழி ஒட்டாமல் ஒரு தம்ளர் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். பாலித்தீன் தண்ணீரை விட லேசானது, மேலே வந்துவிடும். பி.எல்.ஏ., பி.பி.ஏ.டி. இரண்டும் கனம், அடியில் தங்கும். மிதந்தால் நிச்சயம் போலி. அமிழ்ந்தால் அசல் என்று அடித்துச் சொல்ல முடியாது. சுண்ணாம்புத் தூள் கலந்த பாலித்தீனும் அமிழும். வெந்நீரில் கரைத்துக் காட்டும் வித்தையை மட்டும் நம்ப வேண்டாம்.

பழைய செய்தித்தாளுக்குத் திரும்பிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். உணவுப் பொருளை அச்சடித்த செய்தித்தாளில் கட்டக் கூடாது என்று 2018-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. மை ஒட்டும். அச்சில்லாத பழுப்புக் காகிதக் கவர், மந்தாரை இலை, துணிப்பை எல்லாம் தடையில்லாதவை. அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கிய பிறகு பை கொண்டு வருபவர்கள் கொஞ்சம் கூடியிருக்கிறார்கள். ஆனால் அரைக் கிலோ பருப்பையும் கால் கிலோ கடுகையும் மஞ்சப்பைக்குள் அப்படியே கொட்ட முடியாதே. உள்ளே ஏதாவது ஒன்று வேண்டும். அந்த இடத்துக்குத்தான் இந்த மக்கும் பை.

எனக்கு ஒரு ஆசை உண்டு. உத்தரப் பிரதேசத்தில் பல்ராம்பூர் சர்க்கரை ஆலைக்காரர்கள் கரும்பிலிருந்தே பி.எல்.ஏ. செய்யப் போவதாக 2024-இல் அறிவித்தார்கள். திருவாலங்காட்டில் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பு வண்டிகள் வரிசையில் நிற்கும் அந்தச் சாலையில் போகும்போதெல்லாம், இங்கே அரைக்கும் கரும்பு கும்மிடிப்பூண்டியில் பையாகி, திரும்ப இதே ஊர்க் கடைக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று நினைப்பேன். பெரிய முதலீடு வேண்டும், லட்சக்கணக்கில் அல்ல, கோடிக்கணக்கில். மளிகைக்காரன் கனவு காண்பதற்கு வட்டி கிடையாது.

திருவாலங்காட்டு நண்பர் பருப்பு கொட்டிய மறுவாரமும் வந்தார். இந்த முறை ரசீது எதுவும் இல்லை, சரக்குச் சீட்டுதான். கடைசி வரியில் மக்கும் பை என்று எழுதி, எவ்வளவு என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார். "நீங்களே பார்த்துப் போடுங்க அண்ணாச்சி, ஆனா மாசத்துக்கு ஆகுற அளவு மட்டும்" என்றார். ஆறு கிலோ என்று எழுதி, பக்கத்தில் பை வந்த தேதியையும் எழுதிக் கொடுத்தேன்.